பேச்சோடு வருகிற ஆறு

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். என் அக்கா அதைத் திருப்பிப் போட்டுச் சொன்னாள்.

"சுகமெல்லாம் இருக்குல தம்பி. நித்திரையைத்தான் காணும்."

கனடாவில் மகள் வீட்டில் இருந்துகொண்டு போனில் சொன்னாள். பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் தவறிய பிறகு, மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, கூடமாட இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். முழங்கால் உயரத்துக்கு மெத்தை. சுவருக்குள்ளேயே சூடு வருகிற மாதிரி ஏற்பாடு. ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி. வெளியே பனி. "இந்தப் பனி இருக்கே, ஊருச் சத்தத்தையெல்லாம் தின்னுட்டு, ஒண்ணும் தெரியாத பிள்ள மாதிரி உக்காந்திருக்கு" என்பாள். ராத்திரி படுத்தால் அவளுடைய நெஞ்சுத் துடிப்பே அவளுக்குக் கேட்குமாம். அதை எண்ணிக்கொண்டு விடியும்வரை கிடப்பாளாம்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் மறுநாள் பகலெல்லாம் மந்தம். ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். வீடெல்லாம் புகை.  அடுத்த வாரமே மகள் குழந்தையைக் காப்பகத்தில் விட ஆரம்பித்தாள். அதுதான் அக்காவை வதைத்தது. "பிள்ளையைப் பாக்கத்தான் வந்தேன். இப்ப என்னையப் பாக்க ஒரு ஆளு வேணும்போல இருக்கு" என்றாள். மாத்திரை இல்லாமல் அவள் உறங்க வேண்டும். உறங்கினால்தான் குழந்தை மறுபடியும் அவள் கைக்கு வரும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரு கவலைதான் அப்போது.

நான் சீவலப்பேரியில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவன். படிப்பு ஏறவில்லை, பிறர் பேச்சுத்தான் நான் படித்ததெல்லாம். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவு கொடுப்பதோடு நாலு சொலவடையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், சொலவடையை வைத்துக்கொள்வேன். விடிந்ததும் ஆற்றுக்குப் போய் ஒரு முங்கு முங்கிவிட்டு வந்தால்தான் எனக்கு மிஷினில் கால் ஓடும். சிற்றாறு வந்து தாமிரவருணியோடு சேருகிற ஊர் எங்களுடையது. சேர்ந்த பிறகு தண்ணீருக்கு ஒரு நிதானம் வந்துவிடும், கல்யாணம் முடிந்த பையன் மாதிரி.

எங்கள் காலை அவளுக்கு இரவு. அதனால் ஆற்றுக்கு நடக்கும்போது அவளோடு பேசிக்கொண்டே போவது வழக்கமாயிற்று. முதலில் வீடியோ காலில் ஆற்றைக் காட்டினேன். "இடது பக்கம் திருப்பு. மருத மரம் நிக்குதா? அங்கன ஒரு பாறை கிடக்குமே" என்று ஆற்றையே அடுக்களை மாதிரி ஒவ்வொரு சாமானாக விசாரிப்பாள். ஆனால் ஆறு அவளுக்குப் பிடிபடவில்லை. "உள்ளங்கை அகலத்துல ஓடுது. ஆறா இது, வாய்க்காலா?" என்றாள். எனக்கும் தொந்தரவுதான். கையில் போனைப் பிடித்துக்கொண்டு எப்படி முங்குவது? சில நாள் முழுக்க ஆற்றைக் காட்டிவிட்டுக் குளிக்காமலேயே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். வீட்டுக்காரி தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்பாள்: "ஆத்துக்குப் போனீயளா, ஆத்தைப் போட்டோ பிடிக்கப் போனீயளா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் கார் போட்டுக்கொண்டு வருகிற வெளியூர்க்காரர்களை நாங்கள் கேலி செய்வதுண்டு. படியில் நின்று, தண்ணீருக்கு முதுகைக் காட்டி, போனை உயர்த்திப் படம் எடுப்பார்கள். கால் பாதம்கூட நனையாமல் போய்விடுவார்கள். நானும் அந்த ஜாதியில் சேர்ந்துவிட்டேனே என்று இருந்தது. அணையில் தண்ணீர் திறந்தால் முன்பெல்லாம் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். இப்போது தண்ணீர் வருவதற்கு முன்னால் செய்தி வந்துவிடுகிறது. நல்லதுதான், ஆனால் ஆற்றைப் பார்ப்பதற்கு முன்னால் போனைப் பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வீடியோவை விட்டுவிட்டுச் சும்மா பேச்சுக்கு மாறினோம். தை மாதம், ஆற்றின் மேல் பனிமூட்டம் போர்வை போலக் கிடந்த ஒரு காலையில், பேசிக்கொண்டே வந்தவன் இணைப்பைத் துண்டிக்க மறந்து, படித்துறைக் கல்மண்டபத்துத் தூணடியில் போனை வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டேன். குளித்து முடித்து, துண்டைப் பிழிந்து, ஏறி வந்து எடுத்தால் இணைப்பு அப்படியே இருக்கிறது.

"அக்கா, இருக்கியா?" என்றேன்.

அக்கா மகள், என் மருமகளின் குரல் மெதுவாக வந்தது. "மாமா, பைய பேசுங்க. அம்மா உறங்கிட்டாங்க."

"எப்பம்?"

"அங்க யாரோ ரெண்டு பேரு தேங்காய் விலையைப் பத்திச் சண்டை போட்டாங்கல்ல, அப்ப."

மாத்திரை இல்லாமல் உறங்கியிருக்கிறாள். எனக்கு ஈரத் துண்டோடு படியில் உட்கார்ந்துவிடத் தோன்றியது. உட்கார்ந்தேன்.

அதன் பிறகு போன் தினமும் படித்துறைக்கு வந்தது. தூணடியில் காய்ந்த துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் வைப்பேன், கைப்பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி. முதல் நாள் அதைப் பார்த்தவர் எங்கள் கண்டக்டர் அண்ணாச்சி. அரசு பஸ்ஸில் ஓய்வு பெற்றவர். தொண்டை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அக்கரையில் மேய்கிற எருமையும் அவர் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்.

"டிக்கெட் எடுக்காம யாருவே அங்கன உக்காந்திருக்கது?" என்றார் போனைக் காட்டி.

விஷயத்தைச் சொன்னேன். பக்கத்துப் பெண்கள் துறையில் இட்லித் துணிகளைக் கல்லில் அறைந்து துவைத்துக்கொண்டிருந்த இட்லிக்கடை மதினியும் காதைக் கொடுத்தாள். அவளுடைய மூத்த பிள்ளைகள் இருவருக்கும் அக்காதான் எழுத்துக் கற்றுக்கொடுத்தவள். கண்டக்டர் அண்ணாச்சிக்கும் அக்கா மேல் ஒரு மரியாதை. தினமும் காலைப் பஸ்ஸில் சரியாகச் சில்லறை வைத்திருந்த ஒரே பயணி என்று இன்றைக்கும் சொல்வார்.

"டீச்சர் அங்க படுத்துகிட்டு நம்மளக் கேக்குதாகளா?" என்றாள் மதினி, கையில் துணி அந்தரத்தில் நிற்க.

"உறங்குதா" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. வேண்டாத வேலை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதை இருக்கிறதே, அது கேட்டு வருவதில்லை. மறுநாள் நான் படியிறங்கியபோது கண்டக்டர் அண்ணாச்சி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். மதினி துணியைக் கல்லில் அறையாமல், முக்கி முக்கிக் கசக்கிக்கொண்டிருந்தாள். படியில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தும்மல் வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்த் தும்மினார். குமிழி மட்டும் மேலே வந்தது.

"என்ன அண்ணாச்சி?" என்றேன்.

"பைய பேசும்வே" என்று காற்றில் பாதியும் உதட்டில் பாதியுமாகச் சொன்னார். "டீச்சர் உறங்குதாக."

உறங்குகிறவர் இருக்கிற வீட்டில் சத்தம் போடக் கூடாது என்பது நாங்கள் பிறந்ததிலிருந்து அறிந்தது. படித்துறை இப்போது அக்கா உறங்குகிற வீடாகிவிட்டது. சொல்லி வைத்த மாதிரி எல்லோரும் அதற்கு அடங்கினார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு மதினி கையாலேயே ஜாடை காட்டுவாள்: இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, பிறகு தூணடியைக் காட்டுவாள். வந்தவர் செருப்பை மேல்படியிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் பூனை மாதிரி இறங்குவார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கனவில் நடந்த மாதிரித்தான் இருக்கிறது. மூட்டத்துக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், சத்தம் இல்லை. தலை ஒன்று தண்ணீருக்குள் போகிறது, வேறோர் இடத்தில் எழுகிறது. ஒருவர் இன்னொருவருக்குச் சோப்பு நீட்டுகிறார், வாங்கியவர் தலையை ஆட்டுகிறார். யாரும் யாரையும் 'என்ன, சௌக்கியமா' என்று கேட்பதில்லை. பார்த்துக்கொண்டால் போதும் என்று இருந்தது.

நான் வாய் ஓயாதவன். பேச்சுக்கு நடுவில்தான் குளிப்பேன். அந்தச் சில நாட்களில்தான் ஆற்றின் சத்தம் ஒன்றல்ல என்று எனக்குத் தெரிந்தது. படியை ஒட்டிப் போகிற தண்ணீர் ரகசியம் பேசுகிறது. நடு ஆறு பேசுவதே இல்லை, மூச்சு விடுகிறது. பாறையைச் சுற்றிப் போகிற தண்ணீருக்கு ஒரு நமட்டுச் சிரிப்பு. சிற்றாறு வந்து சேருகிற பக்கத்திலிருந்து, தூரத்துக் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஒரு முணுமுணுப்பு. மருத மரத்திலிருந்து ஓர் இலை விழுந்தால் விழுந்தது தெரிந்தது. மீன்கொத்தி பாய்கிற 'பொளக்' சத்தத்துக்கு நாங்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் திரும்பினோம். கெண்டைக் குஞ்சுகள் காலைக் கடித்தபோது, அதற்கும் ஒரு சத்தம் உண்டோ என்று குனிந்து கேட்டேன். இல்லை.

கண்டக்டர் அண்ணாச்சி ஒரு நாள் கரையேறி, மேட்டில் வந்த பிறகு சொன்னார்: "இத்தன வருசம் இந்த ஆத்துல குளிச்சிருக்கேன். இது இம்புட்டு வாயாடின்னு தெரியாது வே. நம்ம விட்டாத்தான பேசும்."

எங்களுக்கு ஒரே பெருமை. ஆற்றை அப்படியே அள்ளி, ஒரு சொட்டுச் சிந்தாமல், அக்காவின் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டோம். அவள் காதில் எப்பேர்ப்பட்ட ஆறு ஓடிக்கொண்டிருக்கும் என்று மிஷினை மிதித்துக்கொண்டே பகலெல்லாம் யோசிப்பேன். தைத்த சட்டையில் பொத்தானுக்கான காஜாத் துளை தவறின பக்கம் விழுந்தது.

ஒரு மத்தியானம் மருமகள் கூப்பிட்டாள். அங்கே அது உறங்க வேண்டிய நேரம்.

"மாமா, அங்க என்ன ஆச்சு? அம்மா திரும்பவும் உறங்க மாட்டேங்கறாங்க. போனைக் காதுல வச்சுக்கிட்டு உக்காந்தே இருக்காங்க. நேத்து அழுதாங்க."

பின்னாலிருந்து அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டது தெரிந்தது.

"லேய் தம்பி. உண்மையைச் சொல்லு. யாரு போயிட்டா?"

"எங்க போயிட்டா?"

"மறைக்காதல. படித்துறையில ஒரு குரலும் இல்ல. கண்டக்டரு சத்தமே காணும். அவரு சத்தம் இல்லாம அந்தத் துறை எப்பம்ல இருந்திருக்கு? கேதம் நடந்தாத்தான அப்படி அமந்து கிடக்கும். நான் தூரத்துல இருக்கேன்னு எங்கிட்டச் சொல்லாம வச்சிருக்கிய."

எனக்குச் சிரிப்பு வந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை, நீ உறங்கத்தான் நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். நம்பவில்லை. "சரி, பேசத்தான் மாட்டிய. ஆறு எங்க? ஒரு சொட்டுச் சத்தம் இல்லையே. தண்ணி இல்லையா ஆத்துல?"

"ரெண்டு கரையும் தொட்டுப் போகுதே."

"எனக்கு மூடின கிணத்துக்குள்ள காதை வச்ச மாதிரில்லா இருக்கு" என்றாள்.

சாயங்காலம் கண்டக்டர் அண்ணாச்சி வீட்டுக்குப் போய், அவர் உயிரோடு இருப்பதை அக்காவுக்கு நிரூபிக்க வேண்டியதாயிற்று. அங்கே விடிந்திருந்தது. "நான் இருக்கேன் டீச்சரே. எமன் ஏறினான், சில்லறை இல்லன்னு இறக்கி விட்டுட்டேன்" என்றார். அக்கா சிரித்தாள். ஆனால் அவள் குரல் பழந்துணி மாதிரி நைந்திருந்தது. மறுபடியும் மாத்திரையை ஆரம்பித்துவிட்டார்கள் என்று பிறகு மருமகள் சொன்னாள்.

ஆறு எங்கே போனது? இரண்டு கரையும் தொட்டுப் போகிற ஆறு போனுக்குள் போகவில்லையென்றால், நடுவில் யார் மறித்தது? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரிய வேண்டுமென்றால் காலை விட்டுத்தானே ஆக வேண்டும். மறுநாள் காலை நாங்களே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். என் போனைத் தூணடியில் வைத்தேன். வீட்டுக்காரியின் போனை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் ஏறிப் போனேன். யாரும் பேசக் கூடாது என்று ஏற்பாடு. அங்கிருந்து என் போனுக்குக் கூப்பிட்டேன். மதினி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்து, பொத்தானைத் தொட்டு, திரும்ப வைத்துவிட்டாள்.

காதில் ஒன்றுமில்லை. அக்கா சொன்ன அதே மூடின கிணறு.

பையப் பையப் பாதி மேடு இறங்கினேன். மூட்டம் கலைந்து, ஆறு அகலமாகத் தெரிந்தது. போன் இல்லாத காதைத் துண்டால் அடைத்துக்கொண்டேன். கண்ணில் ஆறு ஓடுகிறது; காதில் ஆறு இல்லை. வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு, வளைந்து, ஒரு சத்தமும் இல்லாமல், வேறு யாருக்கோ சொந்தமான ஆறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. இதைத்தான் என் அக்கா இத்தனை ராத்திரியும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

கண்டக்டர் அண்ணாச்சிக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. கீழே அவர் வாய் அசைந்தது.

"என்னவே, கேக்குதா இல்லையா?"

அந்தச் சொல் காதுக்கு வந்தது. அதன் முதுகில் ஏறிக்கொண்டு ஆறும் வந்தது! படியோரத்து ரகசியம், பாறையின் சிரிப்பு, எல்லாம். அவர் 'இல்லையா' என்று முடித்ததும் ஆறும் கூடவே அடங்கிப்போயிற்று. திறந்த கதவு வழியே உள்ளே தெரிந்த விளக்கு, கதவைச் சாத்தினதும் மறைகிற மாதிரி.

"திரும்பப் பேசும் அண்ணாச்சி" என்று கத்தினேன்.

"என்னத்தப் பேச?"

ஆறு வந்தது, போயிற்று.

அன்றைக்கே செல்போன் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் தலை நிமிராமல் சொன்னார்: "அது அப்படித்தான் மாமா. ஆளு பேசுறதை மட்டும்தான் அனுப்பும். விடாம ஒரே மாதிரிக் கேக்குற சத்தத்தை இரைச்சல்னு வெட்டிரும். பேச்சு நடக்கையில கொஞ்சம் கசிஞ்சு போகும்."

"ஆத்தையா இரைச்சல்ங்குது?"

"அதுக்கு ஆறுன்னு தெரியுமா? அதுக்கு ஃபேனும் ஒண்ணுதான், ஆறும் ஒண்ணுதான்."

சரி, ஆற்றைத் தனியாகப் பதிவு செய்து அனுப்பலாமே என்று அதையும் செய்து பார்த்தோம். பதிவில் ஆறு நன்றாகவே விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டால் கால் நனைகிற மாதிரி இருந்தது. அக்கா இரண்டு ராத்திரி அதைப் போட்டுக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நேத்து ஓடின தண்ணில்லா. நேத்து ஓடின தண்ணியில இன்னைக்கு எப்படி உறங்க?"

அவளே இன்னொன்றும் சொன்னாள். "அதுல ஆளே இல்லல. பஸ்ல போகையில எனக்கு உறக்கம் வரும், ஏன்னா டிரைவரு முழிச்சிருக்காரு. அங்கன நீங்கள்லாம் முழிச்சு நடமாடுதியன்னு தெரிஞ்சா, எனக்குக் கண்ணு தானா சொக்குது. இங்க எட்டு மணியானா வீட்டுல எல்லாரும் கதவைச் சாத்திருதாக. ஊரே கண்ண மூடினப்புறம், நானும் மூடினா யாருல பாத்துக்கிடுவா?"



மறுநாள் படித்துறையில் விஷயத்தை எல்லோருக்கும் சொன்னேன். இனிமேல் பேச வேண்டும். பேசினால்தான் ஆறு போகும். நாம் முழித்திருப்பதும் அவளுக்குத் தெரியும். துண்டை மடித்துப் போட்டேன். போனை வைத்தேன். "அக்கா, கேளு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன்.

ஒருவருக்கும் வாய் வரவில்லை.

காலங்காலமாக இந்தப் படியில் ஊர்க்கதை பேசிக் குளித்தவர்கள், பேசு என்று சொன்னதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெட்கம். சும்மா இருந்து பழகியதில் அந்த ருசியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தண்ணீருக்குள் தும்மிய சோப்புக்காரர் போனைப் பார்த்து, "டீச்சர், நாங்கள் அனைவரும் நலமாக இருக்கிறோம்" என்று புத்தகத் தமிழில் சொல்லிவிட்டு முங்கிவிட்டார். மதினி, "நீங்க ஆம்பளைய, ஏதாவது பேசுங்க" என்றாள். நான், "நீதான் பேசேன், வீட்டுல வாய் மூடமாட்டியாமே" என்றேன். அதோடு நின்றுபோயிற்று. போனுக்குள் எங்கேயோ என் அக்கா, மூடின கிணற்றில் காதை வைத்துக்கொண்டு கிடக்கிறாள்.

கண்டக்டர் அண்ணாச்சிதான் செருமினார். என்ன பேச என்று தெரியாத மனிதர், தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

"பாவநாசம்... பாவநாசம் ஏறுங்க. விக்கிரமசிங்கபுரம். அம்பாசமுத்திரம். அம்பை, அம்பை, முன்னால வாங்க. பாலம் தாண்டிக் கல்லிடைக்குறிச்சி. வீரவநல்லூர் உண்டு..."

எந்தப் பஸ்ஸும் அவர் சொன்ன அத்தனை ஊருக்கும் ஒரே ஓட்டமாகப் போகாது. தான் வேலை பார்த்த வழிகளையெல்லாம் ஒன்றோடொன்று தைத்து, மலையிலிருந்து கடலை நோக்கி ஒரு பஸ்ஸை விட்டார். ஒவ்வொரு ஊரையும் பழைய பழக்கத்தில் இழுத்துச் சொன்னார். ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால், இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்காவிட்டாலும், கனடாவில் ஆறு உள்ளே நுழைகிறது என்று எனக்குத் தெரியும். வீரவநல்லூரோடு கொஞ்சம் தண்ணீர். சேரன்மாதேவியோடு இன்னும் கொஞ்சம். நான் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தந்த ஊர்ப் படித்துறைகள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து போவது போல இருந்தது.

"சேரன்மாதேவி இறங்குறவுக இறங்குங்க. பத்தமடை..."

"முக்கூடல் எங்க?" என்றாள் மதினி.

அவளுக்குப் பிறந்த ஊர் முக்கூடல்.

"அது வடகரை தாயி. நம்ம வண்டி தென்கரையிலல்லா போகுது."

"அம்பாசமுத்திரம் மட்டும் தென்கரையா? அதச் சொன்னீயளே."

"அது பெரிய ஸ்டாப்பிங்கு."

"அப்ப எங்க ஊரு சின்னதோ? உங்க வண்டி பாலத்தைத் தாண்டுறதுக்கு முன்னால அப்படியே வடகரையோட வந்தா என்ன? பெட்ரோல் உங்க வீட்டுதா?"

"ஏட்டி, பஸ்ஸுக்கு டீசலு. அதுவே தெரியல, ரூட்டு சொல்ல வந்துட்டா."

"டீசலோ, விளக்கெண்ணெயோ. டீச்சர் எங்க ஊருல ரெண்டு வருசம் வேலை பாத்திருக்காக. அவுகளுக்குச் சொல்லுத ஊருல முக்கூடலை விட்டா, அது என்ன ஆறு?"

சோப்புக்காரர் மதினி பக்கம் சேர்ந்தார். நான் அண்ணாச்சி பக்கம் சேர்ந்தேன். முக்கூடலுக்குப் பாலம் எப்போது வந்தது, அதற்கு முன்னால் எப்படிக் கடந்தார்கள், அண்ணாச்சி என்றைக்காவது அந்த வழியில் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறாரா என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. மதினி கோபத்தில் இட்லித் துணியைக் கல்லில் ஓங்கி அறைந்தாள். அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டு எத்தனை நாளாயிற்று.

போனில் எழுத்து வந்து விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மருமகள் அனுப்பியிருந்தாள்: அம்மா கண்ணை மூடிட்டாங்க. நிறுத்திடாதீங்க.

பையப் படித்துக் காட்டினேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கோபம் போய்விட்டது, ஆனால் நிறுத்த முடியாது.

"அப்ப முக்கூடலை எங்கன சேக்கச் சொல்லுத?" என்றார் அண்ணாச்சி, தாலாட்டுகிற குரலில்.

"வீரவநல்லூருக்கு அடுத்தால சேருங்க" என்றாள் மதினி, அதே குரலில்.

"அதெப்படி முடியும், குறுக்க ஆறு கிடக்கே."

"ஆறு கிடந்தா என்ன. நீந்தி வாங்க."

இப்படியே, சண்டையின் எலும்பை வைத்துக்கொண்டு சதையில்லாமல் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். வெயில் மண்டபத்துக்குள் வந்துவிட்டது. மதினிக்குக் கடை திறக்க நேரமாயிற்று. அவள் போகவில்லை. மூட்டம் முழுக்க விலகி, ஆறு அன்றைக்கு வெள்ளை வேட்டியை உலர்த்திப் போட்ட மாதிரிக் கிடந்தது.

அன்று சாயங்காலம் மிஷினில் இருக்கும்போது அக்காவிடமிருந்து குரல் பதிவு வந்தது. அதை நான் தனியாகக் கேட்டுவிட்டேன். ஆனாலும் மறுநாள் காலை படித்துறையில் எல்லோரையும் வைத்துக்கொண்டு ஒரு தடவை போட்டேன். அவள் குரலுக்குப் பின்னால், காப்பகத்துக்குப் போயிருக்க வேண்டிய அந்த நேரத்தில், குழந்தை எதையோ தட்டித் தட்டி விளையாடுகிற சத்தம் கேட்டது.

"ஏல தம்பி, நல்லா உறங்கினேன். மாத்திரை போடல. கண்டக்டரு வீரவநல்லூர் சொன்னது கேட்டுச்சு, சேரன்மாதேவி கேட்டுச்சு. அப்புறம் நம்ம இட்லிக்கடைக்காரி முக்கூடல் முக்கூடல்னு மல்லுக்கு நின்னா. தண்ணிச் சத்தமும் சேந்து வந்துச்சு. அங்கனையே சொக்கிட்டேன். பிள்ளையை இன்னைக்கு எங்கிட்டத்தான் விட்டுட்டுப் போயிருக்கா. பொறவு பேசுதேன்."

கண்டக்டர் அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"கடல் பக்கம், ஏரல் வரைக்கும் டிக்கெட் போட்டு வச்சிருந்தேன்" என்றார்.

மதினி தண்ணீரில் நின்றபடி இடுப்பில் கையை வைத்தாள்.

"பாத்தீயளா அண்ணாச்சி. உங்க வண்டி போகாட்டியும், டீச்சர் முக்கூடல்லதான் இறங்கியிருக்காக."